தாளிக்காத தெரு

வாங்கிவிட்டாயா? போச்சு. வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கலாமே அம்மா. ஒரு கொய்யாப் பழம்தானே என்று நினைக்கிறாய். இனி முன் சீட்டு அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். தின்றாயா, இனிப்பாக இருந்ததா, எந்த ஊர், யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆயிற்றா. பெரம்பலூர் வருவதற்குள் உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பது வரைக்கும் விசாரித்துவிடுவாள். எனக்கும் நீட்டினாள், பார்த்தாய் அல்லவா? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி உட்கார். இந்தக் கூடை நசுங்கக் கூடாது.

முதல் வேலையா? ஊர் ஊராகப் போக வேண்டுமா? சரிதான். நீ அதிகம் பேச மாட்டாய் போலிருக்கிறது. பேசாதவர்களைத்தான் அவர்கள் முதலில் பிடிப்பார்கள். மறுக்கத் தெரியாது இல்லையா? தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள்.

நான் சொட்டுநீர்க் குழாய்க் கம்பெனியில் இருக்கிறேன். தோட்டத்தை அளந்து, எவ்வளவு குழாய், எத்தனை வால்வு என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற வேலை. இந்த ஜில்லாவில் நான் மிதிக்காத வரப்பு இல்லை. அதனால் சொல்கிறேன். கிராமத்து மனிதர்களின் அன்பு, அன்பு என்று உருகுகிறார்களே, அவர்கள் யாரும் அந்த வீடுகளில் படுத்து எழுந்தவர்கள் இல்லை. நான் படுத்து எழுந்தவள். இந்தப் பஸ் போகிற வழியில்தான் அந்த ஊர். நொச்சிக்குறிச்சி. பெரம்பலூர் தாண்டி ஒரு பிரிவு வரும், ஒரு நிழற்குடை இருக்கும், அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும்.

நான் இறங்கப் போவதில்லை. எனக்கு ஆத்தூரில் மீட்டிங். டிக்கெட்டைப் பார், ஆத்தூர் வரைக்கும் எடுத்திருக்கிறேன். பட்டுப் புடவையா? மேலதிகாரி வருகிறார். பூவா? ஆபீஸில் ஒரு சாமி படம் இருக்கிறது. நீ பேசுவதில்லையே தவிர நன்றாகப் பார்க்கிறாய்.

அந்த ஊரில் எல்லாம் சின்ன வெங்காயம். நல்லப்பன் என்று ஒரு விவசாயி. முதல் தடவை நான் போனபோது பிரிவுக்கே மொபெட்டில் வந்து நின்றார். கையில் குடை வேறு. எனக்குப் பிடிக்கவாம். வண்டி ஓட்டுகிற மனிதர் பின்னால் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது. வெளியூர் ஆள் யார் வந்தாலும் ஊரிலிருந்து ஒருவர் பிரிவில் வந்து நிற்பது அங்கே வழக்கம். வேலை வெட்டி இல்லாத வழக்கம்.

தோட்டத்தை அளந்துகொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு கொதித்தது. வெயில் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் மனைவி தையல்நாயகி மோர் கொண்டுவந்தவள், சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு என் காதுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டாள். என்னை! நான் பயந்துபோய் எழுந்தேன்.

"எந்திரிக்காதீங்க மேடம். ஆத்தா வந்திருக்கா."

அம்மை. சின்ன வயதில் வராமல் அந்த வயதில், அந்த இடத்தில் வந்து தொலைத்தது.

நான் உடனே என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் படித்தவர், பாங்கில் பெரிய பதவி. பதறவே இல்லை. "பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை, சுகந்தி. இந்த நேரத்தில் நீ வீட்டுக்கு வந்தால் அவன் எதிர்காலம் என்ன ஆவது? அங்கேயே எங்காவது பார்த்துக்கொள்" என்றார். எவ்வளவு தெளிவு பார். பெரம்பலூரில் நான் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போன் செய்தேன். பெட்டியை ரிசப்ஷனில் எடுத்து வைத்துவிடுகிறோம், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களும் தொழில் செய்கிறவர்கள், மற்ற அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், சரிதானே? கம்பெனியில் லீவு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் ஒழுங்காகத்தான் பேசினார்கள். அறிவில்லாமல் நடந்துகொண்டது இந்த நொச்சிக்குறிச்சிக்காரர்கள்தான். போக விடவே இல்லை.

"ஆத்தா எங்க எறங்கினாளோ அங்கதான் தண்ணி ஊத்தி அனுப்பணும். நடுவுல எடம் மாத்தக் கூடாது ஆயி, படு" என்றாள் தையல்நாயகி. அதுவரைக்கும் மேடம். அந்த நிமிஷத்திலிருந்து ஆயி. அந்தப் பக்கத்தில் வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு நான் யாருக்கோ ஆயி.

அப்புறம் கேள் கொடுமையை. நடு வீட்டில் வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் வேப்பிலை, கால்மாட்டில் வேப்பிலை, வாசலில் வேப்பிலை. கம்பங்கூழ், இளநீர், கூழுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம். துணை சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்தாள். தையல்நாயகி அதைக்கூட விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் என் வாயில் போட்டாள். கொப்புளம் என்று சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். முத்து என்று சொல்ல வேண்டுமாம். "இன்னிக்கு நெத்தியில முத்து நல்லா வெளஞ்சிருக்கு" என்று வெங்காயம் விளைந்த மாதிரி பேசுவாள். கண்ணாடி கேட்டேன், தரவில்லை.

தெருவே பார்க்க வந்தது. தனிமை என்று ஒன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலமானால் பெண்கள் வாசலில் உட்கார்ந்து சாமி பாட்டுப் பாடுவார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், அதற்காக. அந்தக் குரல்களுக்கு நடுவே எப்படித் தூங்குவது? தூங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஒரு வீட்டில் அம்மை வந்திருந்தால் அந்தத் தெருவில் யாரும் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது, கறி மீன் கிடையாது. ஆத்தாவுக்கு நெடி ஆகாதாம். முழுத் தெரு அம்மா! எனக்காக அத்தனை வீட்டிலும் வெறும் ரசம், வெறும் பருப்பு. தெருமுனையில் ஒருவர் பஜ்ஜிக் கடை வைத்திருந்தார். அவர் சட்டி, அடுப்பு, பெஞ்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பிரிவுக்குப் போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, "மேடம், சொகமா எழுந்திரிங்க. மொத ஈடு பஜ்ஜி உங்களுக்குத்தான்" என்று கத்திவிட்டுப் போனார். இதெல்லாம் என்ன விஞ்ஞானம், சொல். கடுகு வெடித்தால் அம்மை கூடுமா?

எதிர்வீட்டு வெள்ளையம்மா இருந்தாளே, வாய் கொழுத்தவள், ஒரு நாள் ஜன்னலில் தலையை நீட்டி, "எங்க வீட்டுக்காரரு ரசத்துல கடுகில்லன்னு மொகத்தத் தூக்கி வச்சிருக்காரு ஆயி. உங்க முத்து எறங்கினாத்தான் எங்க வீட்டுச் சண்டை தீரும். சீக்கிரம் ஒரு முடிவு பண்ணுங்க" என்றாள். உள்ளே தையல்நாயகி சிரிக்கிறாள், அவள் பெண் கொளஞ்சி சிரிக்கிறாள். ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்து உதட்டுக் கொப்புளம் இழுத்தது. வலி. அதற்கும் அவர்கள்தான் காரணம்.

என் கணவரா? செய்தி அனுப்பினார், அனுப்பாமல் என்ன? "எப்படி இருக்கிறாய், காஸ் புக்கை எங்கே வைத்திருக்கிறாய்" என்று. ஒரே செய்தியில் இரண்டு காரியம். அவர் நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், இவர்கள் பாசத்தின் லட்சணத்தை. நான் படுத்திருந்தபோது நல்லப்பன் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். பிரிவிலிருந்து அவ்வளவு தூரம், மொட்டை வெயிலில், இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தான். மொபெட் வாசலில் சும்மா நிற்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பையனைப் போய் அழைத்துவரக் கூடாதா? யார் யாரையோ குடையோடு போய் அழைக்கிறீர்களே?" என்று கேட்டேன்.

தையல்நாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டுப் புள்ளைய யாராச்சும் பிரிவுல போயி நின்னு அழைப்பாங்களா ஆயி? அவனுக்கு வழி தெரியாதா? அது வெளி மனுசங்களுக்குல்ல?"

பெற்ற பிள்ளையை வெயிலில் நடக்க விடுகிறவர்கள். இவர்களைப் பற்றித்தான் கதை கதையாக எழுதுகிறார்கள்.

என்ன பார்க்கிறாய்? பெரம்பலூர் பஸ் நிலையம்தான் இது. கொஞ்ச நேரம் நிற்கும். கொய்யாக்கார அம்மாள் இறங்குகிறாள் பார். உன் தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். முன்பின் தெரியாத தலையை.

எங்கே விட்டேன்? கொளஞ்சி. அந்தப் பெண்ணுக்கு அந்த வெள்ளிக்கிழமை பூ வைப்பதாக இருந்தது. பூ வைப்பது என்றால் நிச்சயம் செய்கிற மாதிரிதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. வீட்டில் அம்மை இருக்கும்போது நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். தையல்நாயகி தள்ளிப்போடச் சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா நேரிலேயே வந்துவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை, எதிரே மரத்தடியில் நின்று பேசினார். ஜன்னல் திறந்திருந்தது.

"பெரம்பலூர் ஆஸ்பத்திரியில அந்தம்மாவச் சேத்துட்டு, வீட்டக் கழுவி விட்டுட்டு, வெள்ளிக்கெழம பூவ வாங்கிக்குங்க. நாளத் தள்ளினா எங்க பக்கம் சகுனம் பாப்பாங்க. யாரோ கம்பெனிக்காரி. ஒட்டா ஒறவா?"

தையல்நாயகிதான் பேசினாள். "வந்து எறங்கினவள எப்படி மாமா பாதியில வண்டி ஏத்துறது? அவங்க வீட்லயும் இப்ப வர வேணாம்னுட்டாங்க."

இதை எதற்கு அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும்? நான் போனில் பேசியதையெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறாள்.

"அப்ப உம் மவளுக்கு?"

"எம் மவளுக்குப் பூவு, பொறவு பூக்காமயா போயிரும்?"

கொளஞ்சி என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறல் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விசிற ஆரம்பித்தாள். முன்னைப்போலவே, மெதுவாக. நான் என்ன செய்ய முடியும்? நோயாளி எழுந்து உட்கார்ந்து சம்பந்தம் பேசுவாளா? அவர்கள் எடுத்த முடிவு. என்னைக் கேட்டா எடுத்தார்கள்?

அந்த இடம் போய்விட்டது. அந்தப் பையன் சித்திரையிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றிய நாளைச் சொல்கிறேன். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். ஊற்றி முடித்து, தலை துவட்டி, ஒரு புடவை கட்டிவிட்டார்கள். தையல்நாயகியின் புடவை. வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை எடுத்தாள். எடுத்துவிட்டு, தெருவைப் பார்த்து, "தாளிங்கடி!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

முதலில் வெள்ளையம்மா வீட்டில் கடுகு வெடித்தது. அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் அதற்கு அடுத்தது. தெரு முழுக்கச் சடசடவென்று, தீபாவளி மாதிரி. வெங்காயமும் மிளகாயும் வதங்குகிற வாசனை வாசல் வாசலாக வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணத்தில் எனக்குக் குழம்பு. அவ்வளவையும் யார் தின்பது? என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மிளகாய் நெடி. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்குப் போனபோது என் கணவர் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கதவுப் பிடியை நான் தொட்டதும் துடைக்க ஒரு துணிகூட. எவ்வளவு சுகாதாரம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்தது. ரொம்ப நிம்மதி.

அதோடு விட்டார்களா நொச்சிக்குறிச்சிக்காரர்கள்? ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மூட்டை வெங்காயம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு, நாற்றமடிக்காதா? வாட்ச்மேனிடம் கொடுத்துவிடு என்று அவர் சொல்லிவிட்டார். கொடுத்துவிடுகிறேன். ஒரு முறம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு. கொளஞ்சி அடிக்கடி போன் செய்து, "அத்தை, நெத்தித் தழும்பு மறைஞ்சிருச்சா? சாப்ட்டீங்களா?" என்பாள். அத்தையாம். யாருக்கு யார் அத்தை? நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. வேறு ஆளிடம் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டேன்.

ஆனால் இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு இடமும் அமையவில்லையாம். பூ வைக்கிற நேரத்தில் நின்றுபோன பெண் என்று பேச்சு. இப்போது ஒன்று அமைந்திருக்கிறது. அரும்பாவூர்ப் பக்கம். பையனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும். இன்றைக்குப் பூ வைக்கிறார்கள். மத்தியானத்துக்குள்.

இங்கேதான் வேடிக்கை. பையனின் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். "அன்னிக்கு ஆத்தா வந்து நின்ன பூவு. ஆத்தா யாரு மேல எறங்கினாளோ அந்தப் பொம்பள கையால எடுத்துக் குடுத்தாத்தான் நான் வைப்பேன். இல்லாட்டி எனக்கு மனசு ஒப்பாது" என்று. எப்படி இருக்கிறது? என்னைப் பார். நான் மாரியம்மனா? வால்வு விற்கிறவள். நான் பூ எடுத்துக் கொடுக்காவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்குமாம். இந்த நூற்றாண்டில்!

தையல்நாயகி போன் செய்தாள். பார்க்கலாம் என்றேன். "பாக்குறது என்ன ஆயி, வா" என்று வைத்துவிட்டாள். கெஞ்ச வேண்டாமா? நேற்று கொளஞ்சி பேசினாள். "வேலை இருந்தா பரவால்ல அத்தை. நீங்க அலைய வேணாம். எனக்கு இது இல்லன்னா இன்னொண்ணு." பரவாயில்லையாம்! குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. பார், எப்படி மடக்குகிறார்கள். அன்றைக்கு விசிறினாளே, அதே மாதிரி, மெதுவாக.

நான் ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன். பிரிவில் எப்படியும் வந்து நிற்பார்கள். இந்தப் பஸ் அவர்களுக்குத் தெரியும். நல்லப்பன் மொபெட்டோடு, குடையோடு நிற்பார். வெள்ளையம்மா நிற்பாள். வாங்க வாங்க என்று பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்தாலும் வருவார்கள். நான் ஜன்னல் வழியாகவே, எனக்கு மீட்டிங் இருக்கிறது, கூடையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் மூட நம்பிக்கைக்கெல்லாம் நான் ஆள் இல்லை என்று சொல்லிவிடப் போகிறேன். எல்லார் முன்னாலும். இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தது.

ஆமாம், கூடை அவர்களுக்குத்தான். சாமி படத்துக்கு வேறு வாங்கிக்கொள்வேன். நீ ஒன்றும் கேட்கவில்லை, தெரியும். கேட்கிற மாதிரி பார்க்கிறாய்.

அதோ, வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறைகள் வந்துவிட்டன. அடுத்தது பிரிவுதான். கண்டக்டரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கேட்டதா? கூடையைக் கொஞ்சம் பிடித்துக்கொள், நான் எட்டிப் பார்க்கிறேன்.

நிழற்குடையில் யாராவது தெரிகிறதா உனக்கு? ஒரு ஆடு நிற்கிறது. அப்புறம்?

யாருமே இல்லையா? நன்றாகப் பார். மரத்துக்குப் பின்னால்? மொபெட் ஏதாவது?

பார்த்தாயா? பார்த்தாயா நான் சொன்னதை! ஒருவர் இல்லை. ஒரு ஈ காக்கை இல்லை. திருச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பட்டுக் கட்டிக்கொண்டு, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி வருகிறாள், பிரிவில் வந்து நிற்க ஓர் ஆள் இல்லை. இதுதான் இவர்கள் அன்பு. எழுதி வைத்துக்கொள். யாரோ உரம் விற்கிறவன் வந்தால் குடையோடு ஓடி வருவார்கள். எனக்கு இல்லை. நான் அந்த வீட்டில் கிடந்தவள், அந்தக் கூழைக் குடித்தவள், அந்தப் புடவையைக் கட்டியவள், எனக்கு இல்லை!

கிளப்பிவிட்டாரா? ஹோல்டான்! ஹோல்டான், கண்டக்டர்! நிறுத்துங்கள்!

காலை மடக்கு அம்மா, வழி விடு. இதைச் சும்மா விடுவதாக இல்லை. நேரே போய் அந்தத் தையல்நாயகியை நடு வாசலில் நிற்க வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறு வேலை. பூவை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன், கொடுத்துவிட்டுத்தான், மத்தியானத்துக்குள் என்றார்கள். ஆத்தூர் எங்கே ஓடிப்போகிறது?

கூடையை அந்த ஜன்னல் வழியாக எடுத்துக் கொடு. மெதுவாக, பூ. ஆ, சரி. வெயிலைப் பார், எப்படிக் கொளுத்துகிறது. ஒரு குடை இல்லை, ஒரு வண்டி இல்லை. யாரோ வீட்டு ஆள் வருகிற மாதிரியல்லவா என்னை நடக்க விட்டிருக்கிறார்கள்!